காலண்டர் எழுத்து தெரியுதா, ஏஞ்சல்?

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில் எங்கள் காலனி இருக்கிறது. அங்கே வந்து அன்புராஜ் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். அந்தப் பேரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஏஞ்சல் வீடு என்று கேட்டால் எல்லார் கையும் ஒரே பக்கம் போகும். பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிற பெண் அவள்.

ஏஞ்சலின் அம்மா செண்பகம் எனக்குக் கூடப் பிறந்த அக்கா மகள். அக்கா பூவம்மாளுக்கு நாலு பிறந்து இரண்டு தங்கியது. மூத்தவன் ஆதிகேசவன் கல்யாணம் கட்டிக் கடம்பத்தூர்ப் பக்கம் போய்விட்டான். இளையவள் செண்பகம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் பாட்டில் செய்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்தில், பக்கத்து இரும்புக் கம்பெனி அன்புராஜைப் பார்த்து, இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, பிறகு சரியாகி, சர்ச்சில் கல்யாணம் நடந்தது. அன்புராஜின் அப்பா சின்னதுரை பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று முடி சுமந்தவர். அவர் மகன் உலைக்கு முன்னால் நின்று இரும்பு உருக்குகிறான். வெக்கை ஒன்றுதான் இரண்டு பேருக்கும் பொது என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

செண்பகத்துக்குக் கம்பெனியில் செக்கர் வேலை. வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடும். எதில் புகை மாதிரி ஒரு கலங்கல் இருக்கிறது, எதில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். ஆறு வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிப் பழுதான பாட்டில் ஒன்றும் வெளியே போனதில்லை. சூப்பர்வைசர் பாக்கியராஜ், "செண்பகம் பாத்துட்டா கடவுளே வந்து ரிஜெக்ட் பண்ண முடியாது" என்பாராம். அந்தப் பெருமை அவளுக்கு நிறைய உண்டு. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

ஏஞ்சலுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு தை மாதத்தில் பிள்ளை திடீரென்று கொழுகொழுவென்று ஆனது. கன்னம் உப்பிக் கண் சிறுத்துப் போயிற்று. பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் கன்னத்தைக் கிள்ளி, "இன்னாடி செண்பகம் போட்டு வளக்கறே, பன்னு மாதிரி ஆயிட்டா!" என்று மகிழ்ந்துபோனாள். நாங்களும்தான் மகிழ்ந்தோம். ஒல்லிப் பிள்ளை தேறிவிட்டது என்று நினைத்தோம். அன்புராஜ் புதுக் கவுன் வாங்கி வந்து போட்டோ கூட எடுத்தான். ஒரு வாரத்தில் அந்தக் கவுன் இடுப்பில் ஏறவில்லை. கால் இரண்டும் தூண் மாதிரி ஆகிவிட்டன. முழங்காலுக்குக் கீழே விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றிக்கொண்டு போனோம். நெஃப்ரோட்டிக் என்று ஒரு பேர் சொன்னார்கள். சிறுநீரகத்தில் இருக்கிற சல்லடைக் கண் பெரிசாகி, உடம்பில் தங்க வேண்டிய சத்து மூத்திரத்தோடு போய்விடுகிறதாம். சத்து போன உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறதாம். மாத்திரை கொடுத்தால் நிற்கும், பிறகு ஒரு சளி காய்ச்சல் வந்தால் திரும்ப வரும். வயசு ஏற ஏற நிறையப் பிள்ளைகளுக்கு விலகிவிடும், ஆனால் எந்த வயசில் என்று சொல்ல முடியாது என்றார் அந்த டாக்டரம்மா.

அன்றைக்குத்தான் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயையும் ஒரு மருந்துப் புட்டியையும் செண்பகத்தின் கையில் கொடுத்தார்கள். தினமும் காலையில் பிள்ளையின் முதல் மூத்திரத்தைக் குழாயில் பிடித்து, நாலைந்து சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் சைபர். லேசாகப் பனி மாதிரி தெரிந்தால் ட்ரேஸ். அதற்கு மேல் கலங்கலைப் பொறுத்து ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ். மூன்று பிளஸ் தொடர்ந்து மூன்று நாள் வந்தால் நோய் திரும்பிவிட்டது, உடனே ஓடி வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். குழாய்க்குப் பின்னால் அச்செழுத்து எதையாவது பிடித்துப் பார்த்தால் சுலபம் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள்.

செண்பகம் அதற்குத் தினசரி காலண்டரைப் பிடித்துக்கொண்டாள். அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழுகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டினாள். அடியில் பொடி எழுத்தில் இருக்கிற ராசிபலன் பளிச்சென்று தெரிந்தால் சைபர். ராசிபலன் மங்கினால் ட்ரேஸ். ராசிபலன் மறைந்து நல்ல நேரம் மட்டும் தெரிந்தால் ஒரு பிளஸ். நல்ல நேரமும் போய்விட்டால் இரண்டு. பெரிய சிவப்புத் தேதியே தெரியாமல் பால் மாதிரி ஆகிவிட்டால் மூன்று. கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த ஒரு பாட்டிலுக்குச் செக்கர் ஆனாள் அவள்.

ஏஞ்சல் எழுத்துக் கற்றுக்கொண்டதும் அந்தக் குழாய் வழியாகத்தான். அம்மா இடுப்பில் உட்கார்ந்தபடி முதலில் எண் படித்தாள். பிறகு கிழமை. ஒண்ணாவது சேரும்போது 'விருச்சிகம்' என்பதை வாய் குளறாமல் படித்ததைப் பார்த்து டீச்சரே அசந்துபோனாள். தினமும் காலையில் அந்த வீட்டில் கேட்கிற முதல் பேச்சு இதுதான்:

"எழுத்து தெரியுதா, ஏஞ்சலு?"

"தெரியுதும்மா."

"கடகத்துக்கு இன்னா போட்டுக்கீது?"

செண்பகத்துக்குக் கடக ராசி. சர்ச்சுக்குப் போகத் தொடங்கி இத்தனை வருஷம் ஆகியும் அதை மட்டும் விடவில்லை.

"லாபம்மா."

"எங்க, ஒண்ணியும் காணோம்!"

மாத்திரை ஓடுகிற மாதங்களில் பிள்ளைக்கு உப்பில்லாத சாப்பாடு. அன்புராஜ், "எம்பொண்ணு துன்னாதத்த நானும் துன்ன மாட்டேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு அதே குழம்பைச் சாப்பிட்டான். உலைக்கு முன்னால் வேர்வையாகக் கொட்டுகிறவனுக்கு உப்பில்லாமல் எப்படி முடியும்? கம்பெனியில் ஒரு ஊறுகாய்ப் பொட்டலத்தை ஒளித்துவைத்திருந்தான். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவனை ஏஞ்சல் கட்டிப்பிடித்து மோந்துபார்த்து, "நைனா, உன் மீசையில நார்த்தங்கா வாசன வர்து" என்றாள். அவன் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான். பின்னாலேயே போய், "பரவால்ல நைனா, துன்னுக்கோ. மோந்து பாக்கறதுக்கு எனக்கும் நல்லாக்கீது" என்றாளாம். ஆறு வயதுப் பேச்சு அது.

நோயைவிட அந்த மாத்திரைதான் பிள்ளையை அதிகம் படுத்தியது. மாத்திரை போட்டால் முகம் உருண்டுவிடும். நிறுத்தினால் மெல்ல மெல்லப் பழைய முகம் வரும். வந்து பழகுவதற்குள் சளி பிடிக்கும், எழுத்து மறையும், மறுபடியும் மாத்திரை. பள்ளிக்கூடத்தில் 'பன்னு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அஞ்சம்மாள் வாஞ்சையாகச் சொன்ன வார்த்தைதான், அங்கே வேறு மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது படிக்கும்போது வகுப்பு போட்டோ வந்தது. செண்பகம் அதை எடுத்துப் பார்த்தால் கடைசி வரிசையில் ஒரு பிள்ளையின் கழுத்துக்கு மேலே கத்தரிக்கோலால் வெட்டிய ஓட்டை. யார் வெட்டியது என்று அவள் கேட்கவில்லை. அந்தப் போட்டோவைப் பைபிளுக்குள் வைத்தாள்.

ஒன்பது வயதில் நடந்ததுதான் பெரிய விஷயம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏஞ்சலுக்கு ஏஞ்சல் வேஷமே கொடுத்தார்கள். வெள்ளை கவுன், அட்டையில் செய்த இறக்கை. ஒரு மாசம் அதே பேச்சு. டிசம்பர் நடுவில் சளி பிடித்தது. அவளுக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது, காலையில் கண் இமை கனப்பது. குழாயில் பால் மாதிரி வந்தால் மாத்திரை வரும், மாத்திரை வந்தால் முகம் போகும், முகம் போனால் வேஷம் போகும். அதனால் குழாயில் தண்ணீரைப் பிடித்து அதில் ஒரு துளி டீத்தண்ணி விட்டு நிறம் பண்ணிக் கொண்டுவந்து நீட்டினாள். மருந்து விட்டால் எழுத்து அழகாகத் தெரிந்தது. சைபர்.

ஐந்து நாள் இப்படி. ஆறாம் நாள் செண்பகம் குழாயை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். வீட்டு டீயில் தட்டிப் போடுகிற இஞ்சி வாசனை. அதற்குள் வயிறு உப்பிவிட்டது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு அந்த அம்மாவும் பெண்ணும் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தார்கள். பதினொரு நாள். அன்புராஜ் அட்டை இறக்கையை ரயிலில் தூக்கிக்கொண்டு போனான். நர்ஸுகள் சிரித்துக்கொண்டே கட்டில் தலைமாட்டில் கட்டிவிட்டார்கள்.

செண்பகம் அவளை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ஆனால் அன்றிலிருந்து குழாய் பிடிக்கிறபோது கதவுக்கு வெளியே நிற்க ஆரம்பித்தாள்.

வார்டில் ஏஞ்சலுக்கு ஒரு நல்லது நடந்தது. அந்த வரிசையில் இருந்த ஏழெட்டுப் பிள்ளைகளுக்கும் அதே நோய், அதே உருண்டை முகம். முதல் நாள் போர்வைக்குள் இருந்தவள் இரண்டாம் நாள் தலையை நீட்டி எல்லாரையும் பார்த்து, "மா, இது பேக்கரிமா!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாளாம். பக்கத்துக் கட்டிலில் கல்பனா என்று நாலு வயதுப் பிள்ளை. யார் கிட்டே வந்தாலும் ஊசி என்று அலறுகிற பிள்ளை. அதற்கு ஏஞ்சல் காலண்டர் தாளைக் குழாய்க்குப் பின்னால் பிடித்து எண் சொல்லிக்கொடுத்தாள். ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடத்தில் ஒருவன் 'பன்னு' என்றதற்கு, "வெறும் பன்னு இல்லடா, ஜாம் பன்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாரத்தில் அந்தப் பேரே மறைந்துவிட்டது. கோபப்படாதவளைக் கூப்பிட்டு என்ன செய்ய?

ஏழாவது போனபோது நோய் கடைசியாக வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாத்திரை நிறுத்தி ஐந்து மாதம். எல்லாரையும் போல, உப்பு மட்டும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டாள். ஜோதிலட்சுமி டீச்சர் சாரணியர் படையில் சேர்த்துக்கொண்டார். நீல உடுப்பு, கழுத்தில் துண்டு, மூன்று விரல் வணக்கம். பொதட்டூர்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் முகாம், வெள்ளி காலை போய் ஞாயிறு சாயந்திரம் திரும்புவது என்று அறிவிப்பு வந்தது. பிள்ளைகளே சமைத்து, பிள்ளைகளே கூடாரம் கட்டி இருக்க வேண்டும். அம்மா அப்பா வரக் கூடாது.

அதுவரைக்கும் ஏஞ்சல் செண்பகத்தை விட்டு ஒரு ராத்திரி தூங்கியதில்லை. தன் அம்மா, எங்கள் பூவம்மாள் அக்கா செத்தபோதுகூட செண்பகம் பிள்ளையைக் கொண்டுவந்து, பக்கத்திலேயே படுக்கவைத்து, காலையில் சாவு வீட்டு ஜன்னலில் குழாயைப் பிடித்துப் பார்த்தவள். ஆனால் முகாமுக்குப் போகக் கூடாது என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. போன மாசமே டாக்டரம்மா, "கேம்ப்பா? தாராளமா போகட்டும். மத்த பிள்ளைங்க செய்யறதெல்லாம் இவளும் செய்யணும்" என்று சொல்லிவிட்டார். அன்புராஜ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

முகாமுக்கு முந்தின திங்கட்கிழமை காலையில் செண்பகம், "நீ போய் குளி, ஸ்கூலுக்கு டைமாவுது. நான் பாத்துக்கறேன்" என்று குழாயை வாங்கிக்கொண்டாள். ஏஞ்சல் குளித்துவிட்டு வந்து கேட்டாள்.

"எழுத்து தெரிஞ்சுதாம்மா?"

"இல்ல. கலங்கிக்கீது."

"எவ்ளோ?"

"தேதியே தெரில."

செவ்வாயும் அப்படித்தான். புதனும் அப்படித்தான். நோட்டில் மூன்று நாளும் மூன்று பிளஸ். குழாய் ஒவ்வொரு நாளும் ஏஞ்சல் குளித்துவிட்டு வருவதற்குள் கழுவிக் கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தது.

"ஒரு வாட்டி நான் பாக்கறேன்மா."

"கொட்டிட்டேன்டி."

ஏஞ்சல் தன் காலைத் தானே அமுக்கிப் பார்த்தாள். குழி விழவில்லை. சாயந்திரம் அரிசி வாங்கப் போன இடத்தில் ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்றாள். கடைக்காரர், "இன்னா பாப்பா, உன்னையும் கார்டுல சேக்கணுமா?" என்று கேட்டார். போன மாசம் இருந்த அதே எடைதான். நீர் கோத்தால் முதலில் ஏறுவது எடை என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நீல உடுப்பை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

வியாழக்கிழமை மாதா மாதம் காட்டுகிற நாள். துணைக்கு நானும் போயிருந்தேன். டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது.

"என்னம்மா இது, மூணு நாளா த்ரீ பிளஸ்ஸா?" இமையைத் தூக்கிப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். "கால்ல தண்ணி இல்லையே. சில பேருக்கு வீங்கறதுக்கு முன்னாடியே நோட்டுல தெரிஞ்சிடும். உங்க நோட்டு ஒரு நாளும் தப்பா இருந்ததில்ல. லேபுக்குக் குடுத்துட்டு வாங்க, மாத்திரையும் எழுதிடறேன். ஏஞ்சல், கேம்ப் அடுத்த வருஷம் போகலாம், சரியா?"

ஏஞ்சல் தலையை ஆட்டினாள். அம்மாவைப் பார்க்கவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பேனாவை எடுத்துச் சீட்டில் முதல் வரி எழுதினார். செண்பகம் எழுந்து மேசைக்கு மேலே கையை நீட்டி அந்தச் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள். பேனா அவள் விரலில் பட்டு மை இழுத்தது.

"வேணாம் மேடம். எழுதாதீங்க."

"என்னம்மா?"

"எழுத்து தெரிஞ்சுது மேடம். மூணு நாளும் நல்லா தெரிஞ்சுது. ராசிபலன் கூட தெரிஞ்சுது. நான்தான் பொய் எழுதிட்டேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுக்கும்மா?"

"போய்டுவா மேடம். மூணு நாளு. அங்க யாரு பாப்பா? முன்ன ஒரு தபா டீத்தண்ணி ஊத்தினா. அங்க ஊத்தினா யாரு மோந்து பாப்பா? நீங்க கேம்ப் வேணாம்னு மட்டும் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். மாத்திர எழுதுவீங்கன்னு தோணல மேடம். எம்புத்தி கெட்டுப்போச்சு." அவள் சீட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "அந்த மாத்திர வேணாம். இப்பத்தான் அவ மூஞ்சி அவளுக்கு வந்துக்கீது."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. "நான் உங்க கண்ணை நம்பித்தாம்மா எட்டு வருஷமா மருந்து எழுதறேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் செண்பகத்துக்கு வேறு தண்டனை எதுவும் தேவைப்படவில்லை. ஆறு வருஷம் ஒரு பாட்டில் தப்பவிடாதவள், அந்த நாற்காலியில் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

லேபில் சைபர் வந்தது. டாக்டரம்மா அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, நோட்டை எடுத்து ஏஞ்சலிடம் நீட்டினார். "கேம்புக்குக் குழாய், சொட்டு மருந்து ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போ. காய்ச்சல் வந்தாலோ, முகம் வீங்கினாலோ டீச்சர்கிட்ட சொல்லி போன் பண்ணு. இனிமே நீயே பாரு, நீயே எழுது."

திரும்பி வருகிற ரயிலில் மீஞ்சூர் தாண்டும்வரை அம்மாவும் பெண்ணும் பேசவில்லை. ஒரு கொய்யாப் பழக்காரி வந்தாள். வெட்டி மிளகாய்ப்பொடி உப்பைத் தூவப் போனவளை ஏஞ்சலே, "எனக்கு உப்பு வேணாக்கா, அம்மாக்குப் போடுங்க" என்று தடுத்தாள். செண்பகம் அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"திட்டுடி" என்றாள். "ரெண்டு வார்த்த திட்டிடு. இப்டி கம்முனு வராதே, பேஜாராகீது."

ஏஞ்சல் கொய்யாவை மென்று முடித்தாள். "நான் டீத்தண்ணி ஊத்தினப்ப நீ அடிச்சியா?"

"இல்ல."

"திட்டினியா?"

"இல்ல."

"அப்ப நானும் அடிக்கல. போ." சொல்லிவிட்டு அம்மா தோளில் சாய்ந்துகொண்டாள். கொஞ்சம் கழித்து, "ஆனா ரேஷன் கடை தராசுல ஏறினேன்மா. கடைக்காரரு கேலி பண்ணாரு. அது உன்னாலதான்" என்றாள். செண்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்தில் இருந்த எனக்கே சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஏஞ்சல் கிளம்புவதற்கு முன்னால் காலண்டரிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று தாளையும் கிழித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வேன் இருட்டோடு வந்துவிடும், வெள்ளிக்கிழமைக்கும் முகாமில் போய்த்தான் பார்க்க வேண்டும். அங்கே குழாய்க்குப் பின்னால் பிடிக்க அவளுக்கு அது வேண்டும். வீட்டுச் சுவரில் திங்கட்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டது. அன்புராஜ் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தான். காலண்டரைப் பார்த்து, "அய்யோ, நேத்தே வந்துருப்பாளே, யாரும் கூட்டியாரலியா?" என்று பதறி லுங்கியோடு ஹைவேக்கு ஓடினான். அரைமணி நேரம் நின்றபிறகு ஒரு லாரி டிரைவரிடம் கிழமை கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பி வந்தான். செண்பகம் மூன்று நாளும் அந்தத் திங்கட்கிழமையைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் இருந்தாள். காலை ஆறு மணி ஆனால் கை தானாக ஜன்னல் பக்கம் போகும். குழாய் இருந்த இடத்தில் ஒரு வட்டத் தடம்தான் இருந்தது.

முகாமில் நடந்ததை ஏஞ்சலின் சிநேகிதி சோனியா பிறகு எங்களுக்குச் சொன்னாள். முதல் நாள் போய் இறங்கியதும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஏஞ்சல் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்ததும் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்களாம்.

"இன்னாடி இது, கெமிஸ்ட்ரி லேபா?"

"என் மூத்தரம்டி. தூரப் போங்க, தட்டிவுட்டா உங்க மேலதான் ஊத்தும்."

எல்லாரும் ஓடி, பிறகு ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்களாம். எழுத்து தெரிகிறதா என்று பார்க்க ஆளுக்கு ஆள் போட்டி. மறுநாள் காலையில் இரண்டு பேர் முன்னதாகவே எழுந்து காலண்டர் தாளைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்களாம். சமையலில் உப்புப் பார்க்கிற வேலையை ஜோதிலட்சுமி டீச்சர் ஏஞ்சலுக்கே கொடுத்தார். உப்பு இல்லாமலே வளர்ந்த நாக்கு, ஒரு கல் அதிகம் போட்டாலும் சொல்லிவிடும்.

ஞாயிறு சாயந்திரம் வேன் ஹைவேயில் வந்து நின்றது. செண்பகம் நாலு மணிக்கே போய் நின்றிருந்தாள். ஏஞ்சல் கருத்துப்போய், தொண்டை கட்டி, ஒரு கை நிறையக் கொசுக்கடியோடு இறங்கினாள். செண்பகம் பையை வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் முகாமைப் பற்றித்தான் கேட்டாள், எங்கே படுத்தீங்க, யாரு சமைச்சாங்க என்று. நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

வீட்டுக்குள் வந்ததும் ஏஞ்சல் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "அமுக்கிக்கோம்மா. இல்லன்னா உனக்குத் தூக்கம் வராது."

"வேணாம், வேணாம்" என்று சொல்லிக்கொண்டே செண்பகம் கட்டை விரலால் அமுக்கினாள். குழி விழவில்லை. இன்னொரு காலையும் அமுக்கினாள்.

பிறகு ஏஞ்சலே நோட்டை விரித்து மடியில் வைத்தாள். வெள்ளி, சைபர். ஞாயிறு, சைபர். நடுவில் சனிக்கிழமைக்கு நேராக 'ட்ரேஸ்' என்று இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில், 'ராசிபலன் கொஞ்சம் மங்கல். நேத்து ரொம்ப ஓடினேன். காய்ச்சல் இல்லை. டீச்சரிடம் சொன்னேன்' என்று எழுதியிருந்தது.

செண்பகம் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமைக் காலண்டர் தாளையும் வாங்கிப் பார்த்தாள், தண்ணீர் பட்டு உப்பியிருந்தது.

"யாரும் பாக்கல இல்ல" என்றாள் மெதுவாக. "சைபர்னு போட்டுருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு உன்ன மாதிரி எழுத வரலம்மா" என்றாள் ஏஞ்சல். சொல்லிவிட்டு அம்மா முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சும்மா சொன்னேன், சும்மா சொன்னேன்" என்று சிரித்தாள். அன்புராஜ் வாசலில் நின்று, "அங்க சாம்பார்ல உப்பு இருந்துச்சா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல" என்றான்.

அன்றைக்கு நான் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். விடிந்தது. அடுப்படியில் சத்தம் கேட்டு விழித்தால், செண்பகம் பாயில் படுத்தபடியே கண் திறந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. போர்வையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஜன்னலில் ஏஞ்சல் குழாயைத் தூக்கிப் பிடிப்பது அங்கிருந்து தெரிந்தது.

"எழுத்து தெரியுதா, ஏஞ்சலு?"

"தெரியுதும்மா. சைபர்."

"கடகத்துக்கு இன்னா போட்டுக்கீது?"

ஏஞ்சல் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஓய்வு, மா. படு. நான் டீ போடறேன்."

செண்பகம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் எழுந்து முகம் கழுவப் போகிறபோது அந்தக் காலண்டரைப் பார்த்தேன். கடகத்துக்கு நேரே 'அலைச்சல்' என்று இருந்தது. நோட்டில் சைபரைச் சரியாக எழுதி, தேதி போட்டு, மூடிவைத்துவிட்டு அந்தப் பெண் டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.